பாட்டனாரை நினைப்பது எப்படி?



ஹிஜ்ரி 8-ஆம் ஆண்டு, ஷவ்வால் மாதம். மக்கா வெற்றி கொள்ளப்பட்டுச் சில வாரங்களே ஆகியிருந்தன. ஹுனைன் பள்ளத்தாக்கில் விடியற்காலை இருட்டிலே ஹவாஸின் கூட்டத்தார் மறைந்திருந்து அம்புமாரி பொழிந்தபோது, 12,000 பேர் கொண்ட முஸ்லிம் படை நிலைகுலைந்து சிதறியது. அந்த நேரத்தில் அண்ணல் நபி (ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம்) அவர்கள் தம் வெண்ணிறக் கோவேறு கழுதையை எதிரிகள் இருந்த திசையை நோக்கியே செலுத்தினார்கள். தாம் நபி, அதில் பொய்யில்லை என்று உரக்க அறிவித்தார்கள். அதோடு நிறுத்தவில்லை. தாம் அப்துல் முத்தலிபின் பிள்ளை என்றும் அறிவித்தார்கள்.

புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் இச்செய்தியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். கேட்டுவிட்டு, வீரத்தை மெச்சிவிட்டு, எழுந்து போய்விடுகிறோம். சற்றே நின்று யோசித்துப் பாருங்கள். அம்புகள் பறக்கும் அந்த வேளையில் நாயகம் (ஸல்) அவர்களின் நாவில் வந்தது தந்தை அப்துல்லாஹ்வின் பெயரல்ல. மறைந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்ட பாட்டனாரின் பெயர்! அரபுகள் அனைவரும் அறிந்த பெயர் அதுதான் என்று விரிவுரையாளர்கள் காரணம் சொல்கிறார்கள். உண்மைதான். ஆனால் அந்தக் கழுதையின் கடிவாளத்தையும் அங்கவடியையும் பிடித்துக்கொண்டு, ஓடாமல் நின்றவர்கள் யார் என்று பாருங்கள். ஒருவர் அப்பாஸ் (ரலி), அப்துல் முத்தலிபின் மகன். இன்னொருவர் அபூஸுஃப்யான் இப்னு ஹாரிஸ் (ரலி), அப்துல் முத்தலிபின் மூத்த மகன் ஹாரிஸுடைய புதல்வர். (குறைஷித் தலைவராயிருந்த அபூஸுஃப்யான் வேறு, இவர் வேறு.) ஒரு கிழவரின் மகனும் பேரர்கள் இருவரும் அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு கழுதையைச் சுற்றி நின்றார்கள்.

இந்தப் பாட்டனாரைப் பற்றி முதலில் கொஞ்சம் சொல்லவேண்டும்.

அவரது இயற்பெயர் ஷைபா. தகப்பனார் ஹாஷிம், வணிகத்துக்காகப் போன இடத்தில் காஸாவில் இறந்துவிட, யத்ரிபில் தாயார் வீட்டில் வளர்ந்தவர். தகப்பனாரின் சகோதரர் முத்தலிப் அவரை ஒட்டகத்தில் தம் பின்னால் ஏற்றிக்கொண்டு மக்காவுக்குள் நுழைந்தபோது, பார்த்தவர்கள் ‘முத்தலிப் அடிமை ஒன்று வாங்கி வருகிறார்’ என்று எண்ணி அப்துல் முத்தலிப் என்றார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

ஹஜ்ஜுக்கு வருவோருக்குத் தண்ணீர் கொடுக்கும் பொறுப்பு அந்தக் குடும்பத்தினுடையது. அரபியில் ‘ஸிகாயா’ என்பார்கள். மக்காவிலோ தண்ணீருக்குப் பஞ்சம். ஜம்ஜம் எங்கே இருக்கிறது என்பதே அப்போது யாருக்கும் தெரியாது. ஜுர்ஹும் கூட்டத்தார் ஊரை விட்டு வெளியேறும்போது அதைத் தூர்த்துவிட்டுப் போயிருந்தார்கள். வேறு கிணறுகளிலிருந்து தண்ணீரைச் சுமந்து வந்து தோல் தொட்டிகளில் நிரப்பி வைப்பது வழக்கம். பிறகு கனவில் இடம் காட்டப்பட்டு, அப்துல் முத்தலிப் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போனபோது உதவிக்கு நின்றது ஒரே மகன் ஹாரிஸ் மட்டும்தான். குறைஷியர்கள் முதலில் தடுத்தார்கள். தண்ணீர் கண்ணில் பட்டதும் பங்கு கேட்டார்கள்! உலகம் அன்றும் இப்படித்தான் இருந்திருக்கிறது.

நம் நாயகம் (ஸல்) அவர்கள் பிறக்கும் முன்பே தந்தையை இழந்தார்கள். 6 வயதில் அப்வா என்னும் இடத்தில் தாயார் ஆமினா மறைந்தார்கள். உம்மு ஐமன் (ரலி) அவர்கள் அந்தக் குழந்தையைக் கூட்டி வந்து பாட்டனாரிடம் ஒப்படைத்தார்கள். கஃபாவின் நிழலில் அப்துல் முத்தலிபுக்கென்று ஒரு விரிப்பு விரிக்கப்படும். மரியாதையின் காரணமாக அவருடைய சொந்த மக்களே அதில் உட்காரமாட்டார்கள், சுற்றிலும் அமர்ந்திருப்பார்கள். இந்தச் சிறுவரோ நேராக வந்து அதில் உட்கார்ந்துகொள்வார். பெரிய தகப்பன்மார்கள் பிடித்து இழுக்கப் போனால், கிழவர் அவர்களைத் தடுத்துப் பேரரைப் பக்கத்தில் இருத்தி முதுகைத் தடவிக் கொடுப்பார் என்று இப்னு ஹிஷாமின் வரலாற்று நூல் கூறுகிறது. அந்தத் தடவல் இரண்டே ஆண்டுகள்தான். நாயகம் (ஸல்) அவர்களுக்கு 8 வயதானபோது அப்துல் முத்தலிப் இறந்தார். பாட்டனாரின் கட்டிலுக்குப் பின்னால் அந்தப் பிள்ளை அழுதுகொண்டே நடந்ததைத் தாம் கண்டதாக உம்மு ஐமன் (ரலி) அவர்கள் சொன்ன செய்தியை இப்னு ஸஅத் பதிந்திருக்கிறார்.

அப்துல் முத்தலிப் இஸ்லாத்திற்கு முந்திய காலத்தவர். அவருடைய மறுமை நிலையைப் பற்றி ஆலிம்கள் பேசியிருப்பது தனி விஷயம். இங்கே அதில் நாம் இறங்கவில்லை. பேரர் அவரை எப்படி நினைத்தார்கள் என்பதைத்தான் பார்க்கிறோம்.

ஹிஜ்ரி 10. கடைசி ஹஜ்ஜு. கஃபாவைத் தவாபு செய்துவிட்டு நபி (ஸல்) அவர்கள் தண்ணீர் கொடுக்கும் இடத்துக்கு வந்து, குடிக்கத் தண்ணீர் கேட்கிறார்கள். அப்பாஸ் (ரலி) தம் மகன் ஃபள்லை வீட்டுக்குப் போய்த் தாயாரிடமிருந்து நல்ல பானம் வாங்கி வரச் சொல்கிறார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் அதை வேண்டாமென்று, இங்கிருப்பதையே கொடுங்கள் என்கிறார்கள். மக்கள் இதில் கைகளை விடுகிறார்களே என்று அப்பாஸ் (ரலி) தயங்குகிறார்கள். நபியவர்கள் மீண்டும் அதையே கேட்டு, எல்லோரும் குடித்த அந்தத் தண்ணீரையே குடித்தார்கள். பிறகு ஜம்ஜம் கிணற்றருகே வந்தார்கள். அங்கே அப்துல் முத்தலிபின் மக்கள் இறைத்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நல்ல வேலையில் இருக்கிறீர்கள், தொடர்ந்து செய்யுங்கள் என்று பாராட்டினார்கள். தாம் இறங்கி இறைத்தால் ஜனங்கள் அனைவரும் அதையே செய்ய முண்டியடித்து உங்கள் பணியை உங்களிடமிருந்து பறித்துவிடுவார்கள், இல்லையென்றால் நானும் இறங்கிக் கயிற்றை இங்கே போட்டுக்கொள்வேன் என்று சொல்லித் தம் தோளைக் காட்டினார்கள்.

புகாரியில் இந்த ஹதீஸைப் படிக்கும்போதெல்லாம் அந்தத் தோளில் என் மனம் நின்றுவிடும். அந்த நேரத்தில் அரபு நாடே காலடியில் கிடக்கிறது. பாட்டனார் பெயரால் அரண்மனை கட்டலாம். கட்டவில்லை. அவர் தோண்டிய கிணற்றின் கயிறு தம் தோளிலும் கிடக்கவேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். அப்பாஸ் (ரலி) அவர்கள் மினாவில் தங்கவேண்டிய இரவுகளில் தண்ணீர் வேலைக்காக மக்காவிலேயே இருந்துகொள்ள அனுமதி கேட்டபோது கொடுத்தார்கள். ஹஜ்ஜுடைய ஒரு கடமையிலேயே சலுகை, யாருக்கு? தண்ணீர் ஊற்றுகிறவருக்கு!

இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஹாஜிகளுக்குத் தண்ணீர் கொடுப்பதையும் பள்ளியைப் பராமரிப்பதையும், அல்லாஹ்வையும் இறுதி நாளையும் நம்பி அவன் பாதையில் பாடுபடுவதோடு சமமாக்கிவிட முடியாது என்று திருமறை தவ்பா அத்தியாயத்தின் 19-வது வசனம் எச்சரிக்கிறது. ஊருக்கு உழைக்கிறேன், அது போதும், தொழுகை எதற்கு என்று கேட்கிற அன்பர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு அங்கேயே பதில் இருக்கிறது.

இனி என் பாட்டனாருக்கு வருகிறேன். சொந்தக் கதையை இந்தப் பக்கங்களில் எழுதுவதற்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் செய்த தவறு ஒன்று இதில் இருக்கிறது. மிம்பரில் நின்று பிறருக்கு உபதேசம் செய்கிறவன் அதை மறைப்பது சரியல்ல.

எங்கள் பக்கத்தில் தகப்பனாரை வாப்பா என்றும் பாட்டனாரை அப்பா என்றும் அழைப்போம். இராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோர ஊர். எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர். அப்பா அவர்கள் கொழும்பு புறக்கோட்டையில் சிறு கடை வைத்திருந்துவிட்டு, அறுபதுகளில் ஊர் திரும்பியவர்கள். கையில் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு தென்னந்தோப்பு. அதன் மூலையில் அல்லாஹ்வின் அருளால் நல்ல தண்ணீர் ஊறிய ஒரு கிணறு. பஜ்ரு தொழுகைக்குப் பின் வெயில் ஏறும்வரை அந்தக் கிணறு தெருவுக்குச் சொந்தம். ஜாதி, மதம் யாரும் பார்த்ததில்லை. பெண்கள் வரும் நேரத்தில் அப்பா தோப்புக்குள் போகமாட்டார்கள். வெயில் ஏறியதும் தாமே இறைத்து, இரண்டு தகரங்களில் ஊற்றிக் காவடியாகத் தோளில் சுமந்து, பஸ் நிற்கும் இடத்து வேப்ப மரத்தடியில் இருந்த நான்கு பானைகளை நிரப்புவார்கள். கோடையில் இரண்டு நடை, மூன்று நடை. ஆள் வைத்துக்கொள்ளலாமே என்று வாப்பா கேட்டால், கூலி கொடுத்தால் தண்ணீர் அவனுடையதாகிவிடுமே என்று சிரிப்பார்கள். வலது தோளில் ஒரு தழும்பு, காசளவு, கறுத்துத் தடித்திருக்கும். சிறு வயதில் அதை விரலால் அழுத்திப் பார்ப்பது எனக்கு விளையாட்டு.

குடும்பத்திலே அப்பாவின் கோபத்தை நான் பார்த்ததில்லை என்று சொன்னால் அது பொய். கணக்கில் பிசகினால் கோபம் வரும். உணவை வீசினால் வரும். ஆனால் தொழுகையில் நிற்கும்போது பேரப்பிள்ளைகள் முதுகில் ஏறினால் வந்ததில்லை. மற்றப் பெரியவர்கள் எங்களைப் பள்ளியிலிருந்து விரட்டுவார்கள். அப்பா மட்டும், நபி (ஸல்) அவர்கள் தம் பேத்தி உமாமாவைத் தோளில் சுமந்துகொண்டே தொழவைத்தார்கள், ருகூவுக்குப் போகும்போது இறக்கிவிட்டு எழும்போது மீண்டும் தூக்கிக்கொண்டார்கள் என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்வார்கள். ‘பள்ளிக்குள் ஓடிய பிள்ளைதான் பெரியவனானால் பள்ளிக்கு நடந்து வருவான்’ என்பது அவர்களின் கட்சி.

பொழுதுபோக்கு என்று ஒன்றும் இருந்தது. கடிகாரம் பழுது பார்ப்பது. கொழும்பில் பக்கத்துக் கடைக்காரரிடம் கற்றுக்கொண்டதாம். அஸருக்குப் பின் திண்ணையில் பாயை விரித்து, பழைய பிஸ்கட் தகரத்தைத் திறப்பார்கள். சிறு திருப்புளிகள், இடுக்கி, கண்ணில் மாட்டும் பூதக்கண்ணாடி, எண்ணெய்க் குப்பி. தெருவிலுள்ள ஊசல் கடிகாரங்களெல்லாம் அந்தத் திண்ணைக்கு வந்துபோகும். காசு வாங்கமாட்டார்கள், புதிய பாகம் வாங்கவேண்டியிருந்தால் அதன் விலை மட்டும். மஃரிப் பாங்கு சொல்லிவிட்டால் எந்தத் திருகு எந்த நிலையில் இருந்தாலும் அப்படியே தகரம் மூடப்படும். தாடி நரைத்த பிறகு இதென்ன விளையாட்டு என்று கேட்டவர்கள் உண்டு. அபூ உமைர் என்ற சிறுவர் ஒரு குருவி வளர்த்தார். அது செத்துப்போய் அவர் வாடியிருந்தபோது, நபி (ஸல்) அவர்கள் அந்தக் குருவி என்ன செய்தது என்று அவரிடம் அன்போடு விசாரித்த ஹதீஸ் நமக்குத் தெரியும். சின்னஞ்சிறு விருப்பங்களை நம் மார்க்கம் மதிக்கிறது. கடமையை விழுங்காதவரை அவை மனிதனை மென்மையாக்குகின்றன. அப்பாவின் கடிகாரம் கடமையை விழுங்கவில்லை. பள்ளிவாசல் கடிகாரத்தை ஓடவைத்துக்கொண்டிருந்தது.

1981-ல் அப்பா வபாத்தானார்கள். ஜனாஸாவுக்கு வந்த கூட்டத்தைப் பற்றி ஊரில் நீண்டகாலம் பேசினார்கள். முஸ்லிமல்லாத மீனவ அன்பர்கள் பள்ளி வாசலுக்கு வெளியே துண்டைக் கையில் பிடித்தபடி நின்றது எனக்கு நினைவிருக்கிறது.

அதன்பின் என்ன நடந்தது? முதல் வருஷம் வாப்பாவும் சிறிய வாப்பாவும் மாறி மாறிச் சுமந்தார்கள். அடுத்த வருஷம் ஆள் வைத்தோம். பிறகு அந்த ஆளுக்குக் கூலி கொடுப்பதில் யார் பங்கு எவ்வளவு என்ற பேச்சு வந்தது. பிறகு பானை உடைந்தது, வாங்கவில்லை. காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாய் ஊருக்கு வந்தபோது, இனிக் கிணறு எதற்கு என்று நிம்மதியாக மூச்சு விட்டோம்! தோப்பு பாகமானதில் கிணறு இருந்த மூலை என் சிறிய வாப்பாவின் மகனுக்குப் போனது. அவர் அதன்மேல் பலகையைப் போட்டு மூடினார். அவரைக் குறை சொல்லவில்லை. அங்கே பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.

ஆனால் அப்பாவை நாங்கள் மறந்துவிட்டோம் என்று எண்ணிவிடாதீர்கள். ஒவ்வொரு வருஷமும் அவர்கள் பெயரால் சாப்பாடு போட்டோம். (கத்தம், பாத்திஹா பற்றி இங்கே வாதாட வரவில்லை. பசித்தவர்கள் வந்து சாப்பிட்டிருந்தால் அது சதகா. வந்தவர்கள் அனைவரும் எங்களைப்போல் வயிறு நிறைந்த உறவினர்கள் என்பதுதான் என் மனக்குறை.) வேப்ப மரத்தடியில் சலவைக் கல்லில் அப்பாவின் பெயரைப் பொறித்து, அன்னாரின் தண்ணீர்த் தொண்டின் நினைவாக என்று எழுதி நட்டோம். பேரப்பிள்ளைகள் எல்லோரும் பணம் போட்டோம். கல்லின் அடியில் அழகுக்காக இரண்டு மண்பானைகள். அவற்றில் தண்ணீர் இல்லை.

அறியாமைக் காலத்தில் ஹஜ்ஜு முடிந்ததும் மக்கள் மினாவில் கூடிநின்று, என் தந்தை இப்படி விருந்து வைத்தார், என் பாட்டன் இப்படிச் சுமை தாங்கினார் என்று மாறி மாறிப் பெருமை பேசுவார்களாம். உங்கள் முன்னோர்களை நினைப்பதுபோல், ஏன், அதைவிட அதிகமாகவே அல்லாஹ்வை நினையுங்கள் என்று பகரா அத்தியாயத்தின் 200-வது வசனம் இறங்கியதற்கு இதைப் பின்னணியாக விரிவுரையாளர்கள் கூறுவர். மினாவில் நின்றவர்களிடம் வெறும் வாய்தான் இருந்தது. எங்களிடம் சலவைக் கல்லும் இருந்தது.

ஒரு கோடை. குழாயில் நாலைந்து நாளுக்கொரு தடவைதான் தண்ணீர் விட்டார்கள். லுஹர் தொழுதுவிட்டுப் பஸ்ஸுக்காக நிற்கிறேன். விறகுக் கட்டோடு வந்த ஒரு மூதாட்டி, கட்டை இறக்கிவிட்டு, கல்லின் அடியிலிருந்த பானையின் மூடியை எடுத்து உள்ளே எட்டிப் பார்த்தார். கையை விட்டுத் துழாவினார். பிறகு என்னைப் பார்த்து, ‘இதை எதுக்குய்யா வச்சிருக்காக?’ என்று கேட்டார். அவர் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல் கேட்டார். படிக்கத் தெரியாதவர். கல்லில் எழுதியிருந்தது அவருக்குப் பயன்படவில்லை.

அடுத்த கடையில் ஒரு சோடா வாங்கிக் கொடுத்தேன். பஸ் வந்தது, ஏறவில்லை.

இரவு என் சிறிய வாப்பாவின் மகனிடம் போனேன். என்னைவிட இளையவர். ‘காக்கா, அப்பா அந்தக் கிணற்றை வக்பு செய்தார்களா?’ என்று அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. தெருவுக்குக் கொடுத்தார்கள் என்று ஊரே சொல்லும். வக்பு என்று வாயால் சொன்னார்களா, வெறுமே அனுமதித்தார்களா என்பதற்குச் சாட்சியும் இல்லை, எழுத்தும் இல்லை. வெறும் அனுமதி என்றால் அது வாரிசுகளுடைய சொத்து. இப்போது அது அவருடையது. அதில் வீடு கட்ட நினைத்திருக்கிறார். அவருக்கும் பெண் மக்கள் இருக்கிறார்கள். நான் மார்க்கச் சட்டத்தைக் கொண்டு அவர் வாயை அடைக்க முடியாது, அடைக்கவும் கூடாது.

சகோதரர்களே, இந்த இடத்தில் உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வஸிய்யத் செய்வதற்குரிய பொருள் ஏதேனும் உடையவர், அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகள்கூடக் கழிக்கலாகாது என்ற நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. உங்கள் கிணறு, உங்கள் மரம், பள்ளிக்குக் கொடுப்பதாக மனத்தில் வைத்திருக்கும் கடை வாடகை, எதுவானாலும் சரி, இரண்டு சாட்சிகளை வைத்து இன்றே எழுதுங்கள். ஸஅத் இப்னு உபாதா (ரலி) அவர்கள் மறைந்துவிட்ட தாயாருக்காக எந்தத் தர்மம் சிறந்தது என்று கேட்டு, தண்ணீர் என்ற பதிலைப் பெற்றுக் கிணறு வெட்டியபோது, இது ஸஅதின் தாயாருக்கு உரியது என்று வெளிப்படச் சொல்லிவிட்டார்கள். அப்பா அவர்கள் நல்லெண்ணத்தை நம்பிவிட்டார்கள். பேரர்களின் நல்லெண்ணம் எவ்வளவு தூரம் வரும் என்பதைத்தான் மேலே எழுதினேன்.

இனி என் தவறு.

அப்பா மறைந்தபோது வீட்டில் பிறருடைய கடிகாரங்கள் ஆறு இருந்தன. ஒவ்வொன்றிலும் உரியவர் பெயரெழுதிய சீட்டு நூலில் கட்டியிருந்தது. ஐந்தை வாப்பா கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஒன்றில் சீட்டில்லை. தேக்குச் சட்டமும் இனிய மணியோசையும் கொண்ட கடிகாரம். அப்பாவுடையதாகத்தான் இருக்கும் என்று நான் சொன்னேன். யாரும் மறுக்கவில்லை. அப்பாவின் ஞாபகமாக எனக்கு வேண்டும் என்றேன், கொடுத்தார்கள். 30 ஆண்டுகளுக்கு மேல் என் வீட்டுச் சுவரில் அது ஓடியது. வந்தவர்களிடமெல்லாம், இது எங்கள் அப்பாவின் கை பட்டது என்று காட்டினேன். அமானத்தைப் பற்றி எத்தனை ஜும்ஆவில் பேசியிருப்பேன்! ஹிஜ்ரத்தின் இரவில், கொல்லத் துடித்த பகைவர்களின் அமானத்துப் பொருள்களைத் திருப்பிக் கொடுப்பதற்காகவே நபி (ஸல்) அவர்கள் அலீ (ரலி) அவர்களை மக்காவில் விட்டுச் சென்றார்கள், மூன்று நாள் தங்கி அனைத்தையும் ஒப்படைத்துவிட்டுத்தான் அலீ (ரலி) கிளம்பினார்கள் என்று கண்ணீர் மல்கச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால், அந்தக் கடிகாரம் மணி அடித்து என்னை வரவேற்கும்.

ஒரு நாள் அது நின்றுவிட்டது. எண்ணெய் போடலாம் என்று கழற்றினேன். ஊசலுக்குப் பின்னால், பலகை இடுக்கில், மடித்த ஒரு சீட்டு. நூல் அறுந்து உள்ளே விழுந்திருக்கிறது. அப்பாவின் அரபுத் தமிழ் எழுத்து. மேலத்தெருவிலிருந்த ஒரு விதவைத் தாயின் பெயர். அதன் கீழே: வில் மாற்ற ரூபாய் 2 வாங்கியது, வில் கிடைக்கவில்லை, திருப்பிக் கொடுக்க வேண்டும்.

அந்தத் தாய் மறைந்து வெகுநாளாகிவிட்டது. கணவர் ரங்கூனிலிருந்து கொண்டுவந்த கடிகாரம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அப்பா இறந்தபோது அவர் வந்து கேட்கவில்லை. இறப்பு வீட்டில் போய்ப் பொருள் கேட்பதா என்று கூசியிருப்பார். அப்புறம் அதுவே பழகிப்போயிருக்கும். ஏழைகளின் நாணம் எத்தனை வீட்டுச் சுவர்களில் நமக்கு அலங்காரமாகத் தொங்குகிறதோ, அல்லாஹ் அறிவான்.

மகள் வயிற்றுப் பேரர் ஒருவர் அதே தெருவில் இருந்தார். கடிகாரத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். நடந்ததைச் சொன்னேன். ‘ஹஜ்ரத், இதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் பாட்டனார் ஞாபகம்’ என்றார். இல்லை, இது உங்கள் பாட்டியார் ஞாபகம் என்றேன். இரண்டு ரூபாயையும் கொடுத்தேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடன்பட்டு இறந்த ஒருவரின் ஜனாஸாவுக்குத் தொழவைக்க நபி (ஸல்) அவர்கள் முன்வராமல் நின்றார்கள். அபூகதாதா (ரலி) அந்தக் கடனைத் தாம் ஏற்ற பிறகே தொழவைத்தார்கள். அந்தக் கடன் மூன்று தீனார் என்று புகாரியில் வருகிறது. என் அப்பாவின் இரண்டு ரூபாயை 30 வருஷம் நான் சுவரில் மாட்டி வைத்திருந்தேன். நான் அவர்களுக்காகக் கேட்ட துஆக்களெல்லாம் அந்தச் சீட்டுக்கு முன்னால் நின்று கேட்டவை.

என் வீட்டுச் சுவரில் இப்போது சதுரமாக ஒரு வெளுத்த தடம்தான் இருக்கிறது. சுண்ணாம்பு அடிக்கவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

கிணற்றைப் பொறுத்தவரை, என் தம்பி ஒரு முடிவு சொன்னார். வீடு கட்டத் தொடங்கும்வரை திறந்துகொள்ளுங்கள், அதன்பின் அல்லாஹ் நாடியது. அவ்வளவுதான். நிரந்தரத்துக்கு அவர் வாக்குக் கொடுக்கவில்லை, நாங்களும் வற்புறுத்தவில்லை. பலகையை எடுத்து, தூர் வாரினோம். எட்டாள் வேலை. முதல் மூன்று நாள் தண்ணீர் கலங்கலாகவே வந்தது. நாலாம் நாள் குடித்துப் பார்த்தோம், அதே ருசி. வாடகை வண்டியில் ஏற்றி அனுப்பலாம் என்று பேரர்களில் சிலர் சொன்னார்கள். அதுவும் நல்லதுதான். இப்போது வாரத்தில் ஐந்து நாள் தள்ளுவண்டியில் போகிறது. வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் குடும்பத்தில் யாராவது கையால் கொண்டுபோகவேண்டும் என்று பேசி வைத்திருக்கிறோம். சில வாரம் யாரும் வருவதில்லை. அன்று நான் போகிறேன். காவடி என்னால் முடியவில்லை, குடத்தில்தான். நாலு குடம் ஊற்றுவதற்குள் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. அறுபதைத் தாண்டிய அப்பா எப்படி மூன்று நடை நடந்தார்கள் என்பது இப்போதுதான் விளங்குகிறது.

சலவைக் கல் அங்கேயே இருக்கிறது. பெயரைப் பானை மறைக்கிறது என்று ஒருவர் சொன்னார். நிழல் அந்தப் பக்கம்தான் விழுகிறது என்பதால் நகர்த்தவில்லை.

சென்ற வெள்ளியன்று என் பேரன் கூட வந்தான். ஏழு வயது. மூன்றாவது பானையில் அடியில் கசிவு இருக்கிறது என்று அவன்தான் கண்டுபிடித்தான். கயிறும் இற்றுப்போயிருக்கிறது. இந்த வாரம் தென்னங்கயிறு பதினைந்து பாகம் வாங்கவேண்டும்.